வறட்சிக்குப் பின் புயல் மழை: முதல் வாரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பின்பனி முழுக்கக் காய்ந்து கிடந்த நிலத்தில் ஒரே இரவில் புயல் மழை கொட்டினால், விடிந்ததும் ஏரும் மாடும் வெளியே கிளம்பிவிடும். மழை தந்ததை இழப்பது பெரும்பாலும் அந்த அவசரத்தில்தான்.

மழைமானி காட்டும் அளவு அப்படியே மண்ணுக்குள் போனதாக எண்ண வேண்டாம். 25 மி.மீ. மழை என்றால் ஏக்கருக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர். இறுகிய தரையில் அடித்துப் பெய்தால் அதில் பெரும்பங்கு ஓடைக்குப் போய்விடும். மொத்தமும் இறங்கினாலும் களிமண்ணில் ஒரு சாண் நனைவதே அரிது. விரல் தடிமனுள்ள இரும்புக் கம்பியை ஏழெட்டு இடங்களில் அழுத்திப் பாருங்கள். ஈரம் முடியும் இடத்தில் கம்பி நின்றுவிடும். ஓரடிகூட இறங்காத நிலத்தில் விதைத்தால் பயிர் முளைக்கும், அடுத்த மழை தவறினால் கருகும்.

சேற்றுப் பதத்தில் உழுவது அடுத்த தவறு. உழவு ஆழத்திலிருந்து மண்ணெடுத்து உருண்டையாகப் பிடித்து, விரலால் தட்டுங்கள். உதிர்ந்தால் உழலாம்; உதிராமல், உருட்டினால் திரியாக நீண்டால் காத்திருங்கள். ஈரத்தில் ஏரின் கொழுமுனை மண்ணை இழைத்து, அடியில் வேர் துளைக்க முடியாத அடுக்கை உண்டாக்கும். குளிர் விலகாத நாட்களில் மண் மெதுவாகத்தான் காயும்.

யூரியாவுக்கும் அவசரமில்லை. காய்ந்த மண் நனைந்ததும் நுண்ணுயிர்கள் பெருகி, மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தாமே விடுவிக்கும்.

கால்நடைகள் விஷயத்தில்தான் தவறு உயிரையே பறிக்கும். பட்டினியில் மெலிந்த ஆடுகளை இளம்புல்லில் அவிழ்த்துவிட்டால், திடீர்த் தீவன மாற்றத்தால் குடலில் நச்சு பெருகித் துள்ளுமாரி நோய் வரலாம். நன்றாக மேய்ந்த ஆடே திடீரெனச் சாகும். மாடுகளுக்கு வயிறு உப்பும். முதலில் வைக்கோல் போட்டு, பிறகு ஒரு மணி நேரம் மட்டும் மேய விடுங்கள். பத்து நாட்களில் படிப்படியாகக் கூட்டலாம்.

சோளத் தட்டையில் துளிர்த்த குருத்தைக் கட்டாயம் தவிருங்கள். அதில் ஹைட்ரோசயனிக் அமிலம் என்ற கொடிய நஞ்சு மிகுந்திருக்கும். நன்கு உலர்த்தினால் அது குறையும். ஆனால் வறட்சியில் பயிர்த் தண்டில் சேர்ந்த, மாட்டுக்கு நஞ்சாகும் நைட்ரேட் உலர்த்தினாலும் போகாது. மழை பெய்த முதல் சில நாட்களில் அது இன்னும் ஏறும். அறுப்பதானால் ஒரு வாரம் பொறுத்து, அடித்தண்டை ஒரு முழம் விட்டு அறுங்கள்.