டெங்கு வைரஸ் வளர்ப்பு: பாஸேஜ் எண் இல்லாத குப்பியைத் தொடாதீர்கள்

போன மாதம் புதிதாகச் சேர்ந்த மாணவி ஃபிரீசரிலிருந்து வைரஸ் வைத்த ஒரு வயல் (vial, சிறு குப்பி) எடுத்து வந்தார். மூடியில் 'டெங்கு 2, நோயாளி 14' என்று மட்டும் இருந்தது. "எத்தனையாவது பாஸேஜ்ம்மா இது?" என்றேன். வைரஸைப் புதிய செல்லுக்கு மாற்றி வளர்க்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பாஸேஜ். தெரியவில்லை. எந்தச் செல்லில் வளர்த்தது என்பதும் தெரியவில்லை. இப்படி ஒரு வயல்தான் என் எட்டு மாத உழைப்பைத் தின்றது. கையுறை, ஆர்.என்.ஏ சிதைவு எல்லாம் பயிற்சியிலேயே சொல்லிவிடுவார்கள், அவற்றை விட்டுவிட்டு மற்ற தவறுகளைச் சொல்கிறேன்.

பாஸேஜ் எண்ணை எழுதாதது

இரண்டு நோயாளிகளின் வைரஸை ஒப்பிட்டேன். ஒருவருக்குச் சாதாரணக் காய்ச்சல், இன்னொருவர் ஷாக் வரை போனவர். வீரோ செல்லில் (குரங்குச் சிறுநீரகச் செல்) ஒரே எம்.ஓ.ஐ (ஒரு செல்லுக்கு எத்தனை வைரஸ் என்ற விகிதம்), 24 மணி நேரத்துக்கு ஒருமுறை மேல்திரவம் எடுத்து பிளாக் (வைரஸ் செல்லைக் கொன்ற வெற்றுப் புள்ளிகள்) எண்ணினேன். மூன்றாம் நாள் இரண்டாமவரின் வைரஸ் பத்து மடங்குக்கு மேல் நின்றது. கடுமையான நோய்க்குக் காரணம் கிடைத்துவிட்டதென்று நம்பினேன்.

கட்டுரை எழுத உட்கார்ந்தபோதுதான் பழைய நோட்டுகளைப் புரட்டினேன். முதல் வைரஸ் சி6/36 கொசுச் செல்லில் ஒரே ஒரு பாஸேஜ். இரண்டாவது சரியாக வளரவில்லை என்று யாரோ வீரோவில் மேலும் நான்கு முறை மாற்றியிருக்கிறார்கள். வயலில் அது எழுதப்படவில்லை. அந்த நோயாளியின் மீதமிருந்த சீரத்திலிருந்து (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) நேரடியாக, வைரஸின் மேலுறைப் புரதத்துக்கான இ மரபணுவைச் சீக்குவென்ஸ் செய்தேன், அதாவது எழுத்து எழுத்தாகப் படித்தேன். அந்தப் புரதத்தில், சீரத்தில் குளுட்டாமிக் அமிலம் என்ற அமினோ அமிலம் இருந்த இடத்தில் ஸ்டாக்கில் (வளர்த்துச் சேமித்த வைரஸில்) லைசின் என்ற வேறொன்று. வீரோ செல்லின் மேற்பரப்பிலுள்ள ஹெபரான் சல்ஃபேட் என்ற சர்க்கரைச் சங்கிலிக்கு எதிர்மின்னூட்டம். நேர்மின்னூட்டமுள்ள லைசின் அதில் நன்றாக ஒட்டும். நான் அளந்தது ஃபிளாஸ்க்குக்குப் பழகிய வைரஸை. நோயாளியின் வைரஸை அல்ல. இன்றும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

அதனால் முதலில் சீரத்திலிருந்தே சீக்குவென்ஸ் எடுங்கள். இ மரபணு 1,485 எழுத்துகள்தான். துண்டு துண்டாகப் பெருக்கிச் சேர்த்துவிடலாம். அப்புறம் சி6/36-இல் 28 டிகிரியில் வளர்த்து, இரண்டாம் பாஸேஜிலேயே பெரிய ஸ்டாக் செய்து சிறு வயல்களாகப் பிரித்து வையுங்கள். அந்த ஸ்டாக்கையும் சீக்குவென்ஸ் செய்து சீரத்தோடு ஒத்துப் பாருங்கள். ஒப்பிடும் இரண்டு வைரஸும் ஒரே செல், ஒரே பாஸேஜ். வயலில் செல், பாஸேஜ், தேதி மூன்றும் இருக்க வேண்டும்.

இரண்டாம் நாளே செல் செத்தால் மகிழ்வது

டெங்கு வீரோவில் அவ்வளவு அவசரப்படாது. பிளாக் தெளிய ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். 48 மணி நேரத்தில் செல்லெல்லாம் உருண்டு மிதந்தால் சிக்குன்குனியாவுக்கு பி.சி.ஆர் போடுங்கள். வேலூரில் ஒரே நோயாளியிடமிருந்து சிக்குன்குனியாவும் டெங்கு 2-உம் பிரித்தெடுக்கப்பட்டது 1967-லேயே வெளியாகியிருக்கிறது.

ஆர்.என்.ஏ அளவை டைட்டர் (தொற்றும் வைரஸின் அளவு) என்று எழுதுவது

தொற்றும் திறனற்ற துகள்களிலும் ஆர்.என்.ஏ இருக்கும். வளர்ச்சி வளைவுக்கு பிளாக் எண்ணிக்கை வேண்டும்.

மைனஸ் 20 ஃபிரீசர்

வைரஸை அதில் வைக்க வேண்டாம். மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள்.

கண்ட்ரோலை அதே கேபினட்டில் அதே நேரம் திறப்பது

கண்ட்ரோலாக (ஒப்பிட்டுப் பார்க்க) வைத்திருக்கும் நியூ கினி சி, 1944-இல் பிரித்த டெங்கு 2 வைரஸ். இந்த வருட நோயாளியின் சீக்குவென்ஸ் அதோடு அச்சாகப் பொருந்தினால், கண்ட்ரோல் உங்கள் ஃபிளாஸ்க்கில் கலந்துவிட்டது.

நோயாளி 14-இன் சீரம் இன்னும் 200 மைக்ரோலிட்டர் இருக்கிறது. பழைய வயலை ஒதுக்கிவிட்டோம். திங்கட்கிழமை சீரத்திலிருந்து தொடங்குகிறோம்.