பழைய பந்தய டிங்கியை மீண்டும் நீரில் இறக்குவது எப்படி

பழைய பந்தய டிங்கி, அதாவது சிறு பாய்மரப் படகு ஒன்று கைக்கு வந்ததும் பலரும் உப்புத்தாளை எடுத்து வார்னிஷைத் தேய்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு முன் அந்தப் படகின் உடல் எந்த முறையில் கட்டப்பட்டது என்பதைக் கண்டறிய வேண்டும். ஊறவைப்பதா கூடாதா, கயிற்றை எவ்வளவு இறுக்கலாம், எந்தப் பாயைக் கட்டலாம் என்ற கேள்விகள் எல்லாவற்றுக்கும் விடை அதில்தான் இருக்கிறது.

கூரைக்கு ஓடு வேய்வதுபோல் ஒரு பலகையின் விளிம்பு அடுத்ததன்மேல் படிந்து, செப்பு ஆணிகளால் பிணைக்கப்பட்டிருந்தால் அது கிளிங்கர் படகு. 1887-இல் டப்ளின் அருகே பிறந்த வாட்டர் வேக் வகைப் படகுகள் இம்முறையில்தான் கட்டப்பட்டன. எல்லாப் படகும் ஒரே அளவில் இருக்கவேண்டும் என்ற ஒற்றை வடிவப் பந்தயங்களுக்கு முன்னோடி அவைதான். பலகை விளிம்புகளே தெரியாமல் உடல் முட்டையோடுபோல் வழவழவென்று வளைந்திருந்தால் அது பெரும்பாலும் வெப்ப வார்ப்புப் படகாக இருக்கும். மெல்லிய மரத்தாள்களை அச்சின்மேல் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி அழுத்தக் கொதிகலனில் வேகவைக்கும் இந்த முறை, போர்க்கால விமானக் கட்டுமானத்திலிருந்து வந்தது. 1946-இல் வெளிவந்த ஃபயர்ஃப்ளை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1948 ஒலிம்பிக்கில் இங்கிலாந்தின் டார்கி கடலில் டென்மார்க் வீரர் பால் எல்வ்ஸ்ட்ராம் தம் முதல் தங்கத்தை வென்றதும் அதில்தான். தட்டையான பரப்புகள் கூர்விளிம்பில் சந்தித்தால் அது ஒட்டுப்பலகைப் படகு. ஜாக் ஹோல்ட்டும் பாரி பக்னலும் 1960-களின் தொடக்கத்தில் உருவாக்கிய மிரர், ஒட்டுப்பலகைத் துண்டுகளைச் செப்புக் கம்பியால் தைத்து, இணைப்பின்மேல் கண்ணாடி இழைப் பட்டையை ஒட்டி, வீட்டுக் கூடத்திலேயே கட்டும்படி அமைந்தது.

கிளிங்கர் படகை மட்டுமே ஊறவைக்க வேண்டும். நெடுநாள் உலர்ந்து கிடந்த பலகைகள் சுருங்கியிருக்கும். மேற்படிந்த விளிம்புகளுக்கு இடையே கத்தி முனை நுழையும். அந்த இடைவெளியைப் பார்த்து அஞ்சி, சிலிக்கான் பசையைப் பிழிந்து அடைப்பதைவிடப் பெரிய தவறு வேறில்லை. மரம் நீரில் ஊதும்போது பசை விலகிக் கொடுக்காது. ஆப்பு அடித்ததுபோல் பலகைகளைப் பிளந்து, ஆணிகளை இழுத்து, நீராவியில் வளைத்த மெல்லிய விலாக் கட்டைகளை ஒடித்துவிடும். மாறாக, நனைத்த சாக்குகளை உட்புறம் பரப்பி, காலையும் மாலையும் நீர் தெளித்து, மூன்று நான்கு நாட்கள் பொறுத்திருங்கள். வண்டிமேல் நிற்கும் படகில் நீரை நிரப்பிவிடாதீர்கள்: ஒரு கன மீட்டர் நீர் ஒரு டன் எடை, அந்தச் சுமையை வெளியிலிருந்து நீர் தாங்கிக்கொள்ளும்போதுதான் உடல் பொறுக்கும், இரண்டு கட்டைகள்மேல் நிற்கும்போது பொறுக்காது. ஊறும்போதே விலாக் கட்டைகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பாருங்கள். படகின் அடி பக்கவாட்டாக வளைந்து ஏறும் இடத்தில்தான் விரிசல்கள் ஒளிந்திருக்கும், அதுவும் பெரும்பாலும் வார்னிஷுக்கு அடியில் கறுப்புக் கோடாக.

வெப்ப வார்ப்பு உடலுக்கு ஊறவைத்தல் நஞ்சு. ஒரு நாணயத்தால் மேலெங்கும் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்ற ஒலி மங்கிப் பொத்தென்று கேட்கும் இடத்தில் மரத்தாள்கள் பிரிந்திருக்கின்றன. ஒட்டுப்பலகைப் படகில் வெட்டு விளிம்புகளைச் சோதித்தால் பெரும்பாலும் போதும்.

அடுத்தது கயிறும் பாயும். இங்கேதான் நல்ல மனம் படைத்தவர்களும் படகைக் கெடுக்கிறார்கள். பழைய உடல்கள், நீளும் கயிறும் இளகும் பருத்திப் பாயும் தரும் சுமைக்காகக் கட்டப்பட்டவை; சற்றும் நீளாத இன்றைய டைனீமா கயிற்றையும் பல மடங்கு இழுவிசை தரும் கப்பி வரிசையையும் அவற்றில் பூட்டினால், காற்றின் அதிர்வு முழுவதும் பாய்மரத்தின் அடிக்கட்டைக்கும், படகின் நடுவே நீருக்குள் இறங்கும் பலகையைத் தாங்கும் நடுப்பலகைப் பெட்டிக்கும் போய்ச் சேரும். என் முதல் கிளிங்கர் படகில் முன்பாயின் கயிற்றை வீணைத் தந்திபோல் விறைக்க வைத்துப் பெருமைப்பட்டேன். மூன்றாம் நாள் நடுப்பலகைப் பெட்டியின் அடி விளிம்பு வழியே நீர் ஊறி வந்தது. கையால் இழுத்துக் கட்டும் அளவே அந்தப் படகுகளுக்குச் சரியான இறுக்கம். பாலியெஸ்டர் கயிறு போதும்.

கண்டர் அமைப்பு உள்ள படகில் பாய்மரம் குட்டையாக இருக்கும். பாயின் மேற்பகுதியைத் தாங்கும் பருமல், மரத்தை ஒட்டி ஏறக்குறைய நெட்டுக்குத்தாக மேலே எழும். படகின் முகம் காற்றை நோக்கி நிற்கும்போதே இதை ஏற்றுங்கள். பருமலின் கவைப்பகுதி மரத்தைப் பற்றியதும், இரண்டுக்கும் இடையே விரலளவு இடைவெளிதான் தெரியும்வரை இழுத்துக் கட்டுங்கள். ஓட்டத்தின் நடுவே அந்த இடைவெளி கைமுட்டி அளவானால் கயிறு நீண்டுவிட்டது என்று பொருள். பருத்திப் பாயாக இருந்தால், முதல் சில மணி நேரத்தை மெல்லிய காற்றில், விளிம்புகளைத் தளர்வாகக் கட்டியபடியே ஓட்டுங்கள். புதுப் பருத்தியை முதல் நாளே இழுத்து நீட்டினால் அந்தக் கோணல் ஒருபோதும் மறையாது. மழையில் நனைந்தால் விளிம்புக் கயிறு சுருங்கும், ஆகவே உடனே தளர்த்துங்கள். ஈரத்தோடு மடித்து வைத்த பாய் சில நாட்களிலேயே பூசணம் பிடிக்கும். வெளிர்மஞ்சள் பாலியெஸ்டர் பாய் போதும் என்பது என் கருத்து. பார்வைக்குப் பழமை குறையாது, வாரக் கடைசி உலர்த்தலிலேயே கழியவும் வேண்டாம்.

ஓட்டும் முறையில் 1928 ஒரு திருப்பம். அவ்வாண்டு ஆங்கிலேயப் படகு வடிவமைப்பாளர் உஃபா ஃபாக்ஸ் தாம் வடிவமைத்த 14 அடி அவெஞ்சர் என்ற படகில் 57 பந்தயங்களில் 52-ஐ வென்றார். முன்பகுதி V வடிவிலும் பின்பகுதி தட்டையாகவும் இருந்ததால், படகு நீரைப் பிளந்து செல்வதோடு நில்லாமல் அதன்மேல் ஏறிச் சறுக்கியது. அவ்வகை உடல் உங்களிடம் இருந்தால், காற்று பக்கவாட்டில் வீசும்போது ஒரு வீச்சு வரும் வரை காத்திருங்கள். அது வந்ததும் படகைச் சற்றே காற்றிலிருந்து விலக்கி, பாயைப் பற்றிய தாமான் கயிற்றை ஓர் இழுப்பு இழுத்து, உடம்பை வெளியேயும் பின்னேயும் சாய்த்துப் படகைச் சாயாமல் நிறுத்துங்கள். சுக்கான் பிடி திடீரென்று இலேசாகும்; சறுக்கல் தொடங்கிவிட்டது. அதற்கு முந்தைய ஆழமான உடல்களில் இந்த வித்தை பலிக்காது. நடுவில் அமர்ந்து அலையின் தாளத்தோடு செல்வதே வேகம்.

1938-இல் பிரிட்டிஷ் வீரர்கள் பீட்டர் ஸ்காட்டும் ஜான் வின்டரும், ஓட்டுபவர் படகுக்கு வெளியே உடம்பைத் தொங்கவிடுவதற்காகப் பாய்மரத்திலிருந்து தொங்கும் கம்பியான டிரபீஸைக் கட்டி ஒரு பந்தயத்தில் வென்றார்கள், உடனே அது தடைசெய்யப்பட்டது. உங்கள் 1930-களின் படகிலும் அதைத் தொங்கவிடாதீர்கள். பக்கக் கம்பிகளின் பிடிமானங்கள் ஓர் ஆளின் எடையை எண்ணி அமைக்கப்பட்டவை அல்ல. மாறாக, இருக்கைகளுக்கு அடியில் காற்றுப்பைகளை அகலமான பட்டைகளால் கட்டுங்கள், ஏனெனில் போருக்கு முந்தைய பல படகுகள் கவிழ்ந்தால் விளிம்புவரை நீரில் அமிழ்ந்துவிடும். நீர் இறைக்கும் வாளியையும் கயிற்றால் கட்டிவையுங்கள்.

வெவ்வேறு தலைமுறைப் படகுகள் சேர்ந்து போட்டியிடும்போது வேக வேறுபாட்டைச் சமன்செய்யும் போர்ட்ஸ்மத் யார்ட்ஸ்டிக் என்ற கணக்கு முறை உதவும்: எடுத்துக்கொண்ட நேரத்தை 1000-ஆல் பெருக்கி, அந்தப் படகு வகைக்கு அம்முறை தரும் எண்ணால் வகுக்க வேண்டும். எண் 1100 உள்ள படகு 66 நிமிடத்தில் முடித்தால் அதன் கணக்கு நேரம் 60 நிமிடம்.

கரையேறியதும் வடிகால் அடைப்பான்களைக் கழற்றி, அணியத்தை (படகின் முன்முனையை) உயர்த்தி நிறுத்துங்கள். நேர் வெயிலில் உலரவிட வேண்டாம். கிளிங்கர் படகின் பலகைகள் ஒரே நாளில் சுருங்கி, ஊறவைத்த உழைப்பு வீணாகும். காற்றோட்டமுள்ள துணியால் மூடுங்கள்; கிளிங்கர் படகானால், அடுத்த ஓட்டத்துக்கு முந்தைய இரவு சாக்குகளை மறுபடியும் நனையுங்கள்.