சேற்றுத் தடையோட்டத்தில் ஓடும் நம்மவர்களுக்குத் துணையாக நிற்பது எப்படி?

இரணைமடுக் குளத்தின் கீழுள்ள எங்கள் ஊர் வயல்வெளியில், கடந்த இரண்டு சித்திரை மாதங்களிலும் இளைஞர்கள் சேற்றுத் தடையோட்டம் ஒன்றை நடத்தினார்கள். காலபோக அறுவடை முடிந்த வயல்களுக்கு வாய்க்கால் நீரைப் பாய்ச்சி, உழவு இயந்திரத்தால் கலக்கி, ஐந்து கிலோமீற்றர் நீளத்தில் பன்னிரண்டு தடைகளை அமைத்திருந்தார்கள். 1987இல் இங்கிலாந்தின் ஸ்டஃபோர்ட்ஷயரில் தொடங்கி, 2010இன் பின் அமெரிக்காவில் பெருகிய இவ்வகை ஓட்டம், சேற்றிலேயே வாழ்க்கை நடத்தும் நமது மண்ணுக்கு வந்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது.

முதலாம் ஆண்டு என் தங்கையும் அவளின் மூத்த மகனும் ஓடினார்கள். நான் மூன்று மணிநேரம் வெயிலில் நின்றும் தங்கையை ஒரு தடவைகூடக் காணவில்லை. முடிவுக் கோட்டைக் கடந்து வந்தவள், "அண்ணா, நீங்கள் எங்கே நின்றீர்கள்? எட்டாவது தடையில் விட்டுவிட்டுப் போய்விடலாம் என்றுகூட நினைத்தேன்" என்றாள். அந்த வருத்தத்தால் இரண்டாம் ஆண்டுக்கு முறையாக ஆயத்தம் செய்தேன். அந்த அனுபவத்தையே இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: முதல்நாள் மாலையில் தடத்தைச் சுற்றி நடந்து பாருங்கள்

ஏற்பாட்டாளரின் அனுமதியுடன், ஓட்டத்தடத்தை ஒட்டிய வரப்புகளில் ஒருமுறை நடந்து, எந்தத் தடை எத்தனையாவது கிலோமீற்றரில் இருக்கிறது, ஒரு தடையிலிருந்து இன்னொன்றுக்குக் குறுக்கு வரப்பு உண்டா என்பதைக் கடதாசியில் வரைந்துகொள்ளுங்கள். தடம் வளைந்து வளைந்து செல்வதால், ஓடுபவர் இரண்டு கிலோமீற்றர் சுற்றி வரும் இடத்துக்கு நீங்கள் நானூறு மீற்றரில் போய்ச் சேரலாம். வரப்பில் புல் அடர்ந்திருந்தால் கம்பால் தட்டிக்கொண்டே நடவுங்கள். வயலோரங்களில் புடையன் பாம்பு படுத்திருப்பது புதிதன்று.

வன்னியில் வாழும் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றையும் வெளியூரிலிருந்து வரும் உறவினர்களுக்காக எழுத வேண்டியிருக்கிறது. நல்ல காட்சி கிடைக்கும் என்பதற்காகக் குறிக்கப்பட்ட வழியை விட்டுப் பற்றைக்காட்டுக்குள் எவரும் இறங்கக் கூடாது. சிவப்பு நிறத்தில் மண்டையோட்டுப் படமிட்ட மிதிவெடி எச்சரிக்கைப் பலகை கண்ணில் படாவிட்டாலும் இது பொருந்தும். சிறுவர்களிடம் இதை வீட்டிலிருந்து புறப்படும்போதே சொல்லிவிடுங்கள்.

படி 2: சேற்றுக்குள் நம்மவரை அடையாளம் காணுங்கள்

நான் தவறவிட்டது இந்தப் படியில்தான். ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன். முதலாவது சேற்றுக்குழியைக் கடந்தவுடன் எல்லோரும் ஒரே நிறமாகி விடுகிறார்கள். நெஞ்சில் குத்திய இலக்கத் தாள் ஐந்து நிமிடத்துக்குள் மறைந்துவிடும். சிவப்பு ரீசேட்டும் நீல ரீசேட்டும் மண்ணிறமாகிவிடும். அன்று நான் முழுமூச்சுடன் பெயர் சொல்லிக் கூப்பிட்டது வேறொரு பெண்ணை. அதே வேளையில் என் தங்கை என் முதுகுக்குப் பின்னால் இருந்த வரிசையில் கடந்து போயிருக்கிறாள்.

உடையின் நிறத்தை நம்பாதீர்கள். சேறு கடைசியாகப் படுகின்ற இடம் உச்சந்தலை. ஆகவே கடும் மஞ்சள் அல்லது செம்மஞ்சள் நிறப் பட்டியைத் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள். பருத்தித் துணி சேற்றை உறிஞ்சிக்கொள்ளும். வழுவழுப்பான நைலோன் துணியோ நீரில் ஒருமுறை முகம் கழுவும்போதே மீண்டும் பளிச்சிடும். நாங்கள் பழைய குடைத்துணியைக் கிழித்துப் பட்டிகள் செய்தோம். கடையில் வாங்கிய எதையும்விட அது நன்றாக உழைத்தது. முனை தொங்கினால் தடையில் சிக்கும். முடிச்சுப் போட்டபின் மிச்சத்தை வெட்டிவிட வேண்டும்.

அதையும்விட உறுதியான அடையாளம் நடை. தங்கை வலது தோளைச் சற்று உயர்த்தியே ஓடுவாள். மருமகன் கைகளை அகல விரித்து ஓடுவான். முதல்நாள் அவர்கள் பயிற்சி எடுக்கும்போது தூரத்தில் நின்று, முகத்தைப் பாராமல் அசைவை மட்டும் பார்த்துப் பழகுங்கள். நூறு மீற்றருக்கு அப்பால் வரும்போதே ஆளைத் தெரிந்துகொண்டால்தான், அவர் அருகில் வரும்வரை தொடர்ந்து கூப்பிட முடியும்.

படி 3: நேரத்தைக் கணக்கிடுங்கள்

தங்கை தார்வீதியில் ஒரு கிலோமீற்றரை எட்டு நிமிடத்தில் ஓடுவாள். சேற்றில், தடைகளையும் சேர்த்து, அது பதினைந்து நிமிடமாகியது. முதன்முறை ஓடுபவருக்கு வீதி நேரத்தை ஏறத்தாழ இரட்டிப்பாக்குவதே என் கணக்கு. கிலோமீற்றருக்குப் பதினைந்து நிமிடம் என்று பார்த்தால், 1.2 கிலோமீற்றரில் உள்ள மூன்றாவது தடைக்கு 18 நிமிடமும், 3.5 கிலோமீற்றரில் உள்ள எட்டாவது தடைக்கு ஏறத்தாழ 52 நிமிடமும் வரும். அவர் இடம்பெற்ற ஓட்டக்காரர் தொகுதி புறப்பட்ட நேரத்தைக் கைக்கடிகாரத்தில் பார்த்து எழுதி வைத்து, கணக்கிட்ட நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே அந்தந்த இடத்தில் நில்லுங்கள்.

படி 4: ஆட்கள் நிற்காத இடத்தில் நில்லுங்கள்

தொடக்கக் கோட்டிலும் முடிவுக் கோட்டிலும் கூட்டத்துக்குக் குறைவில்லை. புறப்படும்போது எவருக்கும் தென்பு குறைவதில்லை. முடிவுக் கோடு கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் கால் தானாக ஓடும். மூன்றாவது கிலோமீற்றர் முடிந்து நான்காவது முடியும்வரையான இடமே ஆளை விழுத்துவது; அங்கே பார்வையாளர் எவரும் இருப்பதில்லை. இரண்டாம் ஆண்டு நான் எட்டாவது தடையான சேற்று வாய்க்காலின் ஓரத்திலேயே நின்றேன். முடிவுக் கோட்டுக்கு அம்மாவை அனுப்பினேன். வெற்றிப் புகைப்படத்தை அவரே எடுத்தார். இரண்டில் ஒன்றைத்தான் தெரிவுசெய்ய முடியுமென்றால், தயங்காமல் எட்டாவது தடையைத் தெரிவுசெய்யுங்கள்.

படி 5: எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது

வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். அதன்பின் உண்மையான தகவல் ஒன்றைச் சொல்லுங்கள்: "இன்னும் நான்கு தடைகள், அடுத்தது கயிறு." "இதோ முடிந்துவிட்டது, கொஞ்சத் தூரம்தான்" என்று பொய் சொல்லாதீர்கள். அந்தக் கொஞ்சத் தூரம் ஒன்றரைக் கிலோமீற்றராக நீளும்போது மனம் உடைந்துவிடும்.

எங்கள் வயல்களின் களிமண்ணில் கால் புதைந்தால், நேராக இழுப்பவர்களுக்குச் சப்பாத்து உள்ளே போய்விடும். வயல் வேலை செய்தவர்களுக்குத் தெரிந்த வழியை நீங்கள் கரையிலிருந்து நினைவூட்டலாம்: குதியை இப்படியும் அப்படியும் திருகிக் காற்றை உள்ளே விட்டு, குதியை முதலில் தூக்கி எடுக்க வேண்டும். மருமகன் "குதியைத் திருகு!" என்ற என் குரலைக் கேட்டுத்தான் வெளியே வந்தான். ஆனால், கரையில் நிற்பவர் கைகொடுத்துத் தூக்குவது பல போட்டிகளில் விதிமீறலாகும். முன்கூட்டியே கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

ஓசை எழுப்ப, வெற்றுப் பால்மாப் பேணிக்குள் ஒரு பிடி கூழாங்கல் இட்டு மூடிக் குலுக்குவதையே நான் விரும்புகிறேன். விசில் வேண்டவே வேண்டாம்; பாதுகாப்புத் தொண்டர்கள் ஆபத்தை அறிவிக்க விசிலையே ஊதுகிறார்கள். பெயர்ப்பலகைக்குக் கடதாசி மட்டையைவிட, உரப்பையைக் கிழித்து அதன் வெள்ளைப் பக்கத்தில் பெயின்ற்றால் ஒரு சாண் உயர எழுத்தில் எழுதுவது நல்லது, நனைந்தாலும் கெடாது.

படி 6: பையில் வைக்க வேண்டியவை

குடிநீர், வத்தகப்பழத் துண்டுகள், பனங்கட்டி, துவாய், மாற்றுடை, சேற்றுடைகளைப் போட இன்னொரு உரப்பை. ஜீவனி என்ற உப்பு, சர்க்கரைத் தூள் பைக்கற்று ஒன்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைக்க வேண்டும். விரைவாகப் பலன் தரும் என்று அரைக் குவளை நீரில் கரைத்துக் கொடுப்பது தவறு. கரைத்ததை 24 மணிநேரத்துக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது.

சித்திரை வெயில் கொடியது. ஓடுபவர் தள்ளாடினாலோ, கேட்டதற்குப் பொருந்தாத பதில் சொன்னாலோ, உற்சாகப்படுத்துவதை உடனே நிறுத்துங்கள். நிழலுக்குக் கொண்டுபோய், உடலெங்கும் நீர் ஊற்றி விசிறிக்கொண்டே, முதலுதவித் தொண்டரை அழையுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும்.

படி 7: ஓட்டம் முடிந்த பின்னர்

கண்ணில் சேறு பட்டிருந்தால் கசக்க விடாமல் சுத்தமான நீரை ஊற்றிக் கழுவுங்கள். கிணற்றடிக்குப் போனதும் கீறல்களைச் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும். உடைகளைக் காயவிட்டு உதறியபின் துவைப்பதைவிட, ஈரமாக இருக்கும்போதே அலசிவிடுவது எளிது.

பின்சேர்க்கை: இதை முதலில் வெளியிட்டபோது எலிக்காய்ச்சலைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. வாசகர் பலர் அதைச் சுட்டிக்காட்டினார்கள், அவர்களுக்கு நன்றி. 2024 மார்கழியில் யாழ்ப்பாணத்தில் அந்நோய் உயிர்களைப் பறித்ததை நாம் மறக்க முடியாது. எலியின் சிறுநீர் கலந்த நீரும் சேறும் சிறு காயங்கள் வழியாக நோயைப் பரப்பும். நமது விவசாயிகளுக்கு வழங்கப்படும் தடுப்பு மாத்திரை ஓடுபவருக்கும் தேவையா என்று, சில நாட்களுக்கு முன்னரே பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்; அவர் சொல்லாமல் எவரும் தாமாக விழுங்க வேண்டாம். அறிகுறிகள் பெரும்பாலும் 5 முதல் 14 நாட்களுக்குள் தோன்றும். சிலருக்கு ஒரு மாதம்வரையும் ஆகலாம். அக்காலத்தில் காய்ச்சலோ கெண்டைக்கால் தசை வலியோ வந்தால், வைத்தியசாலையில் சேற்றில் ஓடியதை முதலிலேயே சொல்லுங்கள்.

இன்னொரு வாசகர், தம் தாயார் இருந்த பிளாஸ்ரிக் கதிரையின் கால்கள் ஈர வரப்பில் புதைந்து அவர் சரிந்து விழப் பார்த்ததாக எழுதியிருந்தார். முதியவர்களைக் கூட்டிச் செல்பவர்கள் கதிரையின் நான்கு கால்களுக்கும் கீழே ஒரு பலகையைப் போட்டுவிடுங்கள். இவ்வாண்டு எங்கள் அம்மாவுக்கும் அப்படியே செய்யவிருக்கிறோம்; இம்முறை எட்டாவது தடையில் தாம்தான் இருக்கப்போவதாக அவர் இப்போதே சொல்லிவிட்டார்.