பால் கொடுக்கும்போது போன் வேண்டாமே

"தூக்கித் தூக்கிப் பழக்காதே, அப்புறம் கீழேயே இறங்காது" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். மூன்று, நான்கு மாதக் குழந்தைக்கு இது பொருந்தாது. பசியோ, ஈரத்துணியோ, வெறும் பயமோ, தானாக அடங்க அதற்குத் தெரியாது. நம் தோளில் கிடந்துதான் மெல்ல மெல்லக் கற்கிறது.

1970களில் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் ஒரு சோதனை செய்தார். கொஞ்சிக்கொண்டிருந்த அம்மா, திடீரென முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் சில நிமிடம் குழந்தையையே பார்த்திருக்க வேண்டும். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், கை நீட்டும், குரல் கொடுக்கும். எதுவும் பலிக்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். போனில் ரீல்ஸ் ஓடும்போது நம் முகமும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறது (என்னுடையதும்தான்).

அதனால் பால் கொடுக்கும்போதும் துணி மாற்றும்போதுமாவது போனைத் தள்ளி வையுங்கள். குழந்தை 'ங்ஙா' என்றால் நீங்களும் 'ங்ஙா' சொல்லி, பதிலுக்குக் கொஞ்சம் காத்திருங்கள். அடுப்பில் கை வேலையா? "இதோ வந்துட்டேன்டா தங்கம்" என்று அங்கிருந்தே குரல் கொடுங்கள். ஒவ்வொரு அழுகைக்கும் ஓட முடியாது, சரி. இரண்டு நிமிடம் தாமதித்துத் தூக்கினால் ஒன்றும் கெட்டுவிடாது. கையைத் துடைத்துவிட்டே வாருங்கள்.