ஈ.கோலையைச் சூட்டில் கொல்லும்போது நாம் ஏமாறும் இடங்கள்

போன வாரம் லேபுக்குப் புதிதாக வந்த ஒரு பெண், "மேடம், 57 டிகிரியில் மியூட்டன்ட் பத்து மடங்கு வேகமாகச் சாகுது!" என்று ஓடி வந்தாள். மியூட்டன்ட் என்றால் ஒரு ஜீனை நீக்கிய ஈ.கோலை பாக்டீரியா. எனக்கு வயிற்றைக் கலக்கியது. இதே சந்தோஷத்தில்தான் நான் ஆறு மாதத்தைத் தொலைத்தேன். லேபிள் ஒட்டு, பர்னரை மறக்காதே என்பதெல்லாம் எல்லோரும் சொல்வார்கள், விடுங்கள்.

கடிகாரத்தைப் பார்த்து கல்ச்சர் எடுப்பது

கல்ச்சர் என்றால் ஊட்டத் திரவத்தில் வளர்த்த பாக்டீரியா. நானும் மணி பார்த்துத்தான் எடுத்தேன். சாதாரண ஈ.கோலை, மியூட்டன்ட் என்ற இரண்டு ஸ்ட்ரெயினையும் (வகையையும்) ஒரே நேரத்தில் தனித்தனியாகப் போட்டு, ஐந்து மணி நேரம் ஷேக்கரில் வைத்து, ஒன்றாகச் சூடாக்கினேன். மியூட்டன்ட் கொத்துக் கொத்தாகச் செத்தது. நான் நீக்கிய ஜீன்தான் சூட்டைத் தாங்க வைக்கிறது என்று முடிவே கட்டிவிட்டேன்.

உண்மையில் அந்த மியூட்டன்ட் மெதுவாக வளரும், அவ்வளவுதான். ஐந்து மணி நேரத்தில் சாதாரண ஸ்ட்ரெயின் வளர்ந்து முடித்து பசியில் நின்றுவிட்டது. இது இன்னும் இரட்டித்துக்கொண்டிருந்தது. வேகமாக வளரும் ஈ.கோலையில் சிக்மா-எஸ் என்ற, நெருக்கடி நேர ஜீன்களை முடுக்கும் புரதம் உருவான ஒன்றிரண்டு நிமிடத்திலேயே பாதி சிதைந்துவிடும். ஆர்எஸ்எஸ்பி என்ற புரதம் அதைப் பிடித்துக் கொடுக்க, கிளிப்எக்ஸ்பி என்ற புரத அரவை இயந்திரம் அரைத்துத் தள்ளும். உணவு தீர்ந்ததும் இந்த அழிப்பு நிற்கிறது, சிக்மா-எஸ் சேர்கிறது, ட்ரெஹலோஸ் என்ற பாதுகாப்புச் சர்க்கரையைச் செய்யும் ஓடிஎஸ் ஜீன்கள் உட்படப் பலவற்றை அது முடுக்கிவிடுகிறது, செல் சூட்டுக்குக் கெட்டிப்படுகிறது. நான் ஒப்பிட்டது இரண்டு ஜீன் அமைப்புகளை அல்ல, பசியில் இருந்த செல்லையும் தின்றுகொண்டிருந்த செல்லையும்.

எரிச்சல் வருவது இங்கேதான்: நீக்கிய ஜீனை பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையத்தில் வைத்து மியூட்டன்டுக்குள் திருப்பிப் போட்டுப் பார்த்தேன், சூடு தாங்கியது! தாங்காமல் என்ன செய்யும்? ஜீன் திரும்பியதும் வளர்ச்சியும் வேகமாகிவிட்டது. அந்த கன்ட்ரோலை (சரிபார்ப்புச் சோதனையை) நம்பித்தான் இன்னும் மூன்று மாதம் ஓட்டினேன். கடைசியில் ஒரு சீனியர் அண்ணா, "ஓவர்நைட் கல்ச்சர்ல பாத்தியாம்மா?" என்றார். இரவு முழுக்க வளர்ந்து இரண்டுமே பசியில் நின்ற நிலையில் பார்த்தேன். வித்தியாசமே இல்லை.

மணியை விட்டுவிட்டு ஓடியை (OD, செல் அடர்த்தியைக் காட்டும் கலங்கல் அளவு) பாருங்கள். இரண்டும் 0.3 தொட்டதும் ஒரு முறை, முழு ஓவர்நைட்டில் ஒரு முறை. இரண்டிலும் வித்தியாசம் நின்றால் என்னிடம் வாருங்கள்.

கல்ச்சரை அப்படியே வாட்டர் பாத்தில் வைப்பது

பத்து மில்லி ட்யூப் மெதுவாகத்தான் சூடேறும். 42 டிகிரியைக் கடக்கும்போதே வெப்ப அதிர்ச்சி ஜீன்களை முடுக்கும் சிக்மா-32 புரதத்தின் எம்ஆர்என்ஏ (அதைச் செய்வதற்கான குறிப்பு) மடிப்பு அவிழ்ந்து, புரதம் செய்யும் ரைபோசோம் அதில் ஏறி, வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் வரத் தொடங்கும். நீங்கள் கொல்லப் போகிறவனுக்கு நீங்களே கவசம் மாட்டிவிடுகிறீர்கள். பிராத்தை (வெறும் ஊட்டத் திரவத்தை) முதலில் 57க்குக் கொண்டுவந்து, அதில் நூறில் ஒரு பங்கு கல்ச்சரை விடுங்கள்.

மூடி

அதுவும் தண்ணீருக்குள் முங்கட்டும். மேல் சுவரில் ஒட்டிய சொட்டு சாகாது.

மக்காங்கி பிளேட்டில் எண்ணுவது

மக்காங்கி அகாரில் பித்த உப்பு இருக்கும். சூட்டில் வெளிச்சவ்வு அடிபட்ட செல்லை அது முடித்துவிடும், நீங்கள் சூடு கொன்றதாக எழுதிக்கொள்வீர்கள். பித்த உப்பு இல்லாத சாதா எல்பி அகாரில் போட்டு, 48 மணி நேரம் கழித்தும் ஒரு தடவை எண்ணுங்கள். அடிபட்டவை தாமதமாகத்தான் எழுந்து வரும்.