கேட்கிறவருக்கும் மார்க் உண்டு

நாங்கள் நாலு பேர், காலேஜ் சிநேகிதிகள். வாரத்தில் ஒரு ராத்திரி வீடியோ காலில் உட்கார்ந்து சினிமா, பாட்டு, கார்ட்டூன் என்று மாற்றி மாற்றிக் கேள்வி கேட்டுக்கொள்வோம். முதல் தடவை இது மூன்றே வாரத்தில் படுத்துவிட்டது. காரணம் நான்தான். யாருக்கும் பதில் தெரியக்கூடாது என்று தேடித் தேடி எடுத்து வருவேன்: அந்தப் படத்துக்கு எடிட்டிங் யார், இந்தப் படம் எந்த மாதம் ரிலீஸ் என்று. ஒருத்தி "எனக்குத் தூக்கம் வருதுடி" என்று சொல்லி போனை கட் பண்ணிவிட்டாள்.

அப்புறம் ஒரு விதி வைத்தோம். பதில் சொன்னவருக்கு இரண்டு மார்க், க்ளூ வாங்கிச் சொன்னால் ஒன்று. இதோடு கேள்வி கேட்டவருக்கும் கணக்கு. எல்லாரும் பதிலை சாட்டில் டைப் பண்ணிவைத்துக்கொண்டு, ஒரே நேரத்தில் அனுப்ப வேண்டும். எல்லாரும் சரியாகச் சொன்னால் கேட்டவருக்குப் பூஜ்யம். ஒருவருக்குமே தெரியாவிட்டால் மைனஸ் ஒன்று. சிலருக்குத் தெரிந்து சிலர் விட்டால் ப்ளஸ் ஒன்று. அவ்வளவுதான், என் எடிட்டர் கேள்விகள் எல்லாம் தானாக ஒழிந்தன. நேரம் முப்பது விநாடி. அதற்கு மேல் கொடுத்தால் கை தானாக கூகுள் பக்கம் போகும்.

கேள்வியை எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் பாதி விளையாட்டு இருக்கிறது. "1954-ல் வந்த, பாட்டே இல்லாத தமிழ்ப் படம் எது?" இது பரீட்சைக் கேள்வி. தெரிந்தால் தெரியும், இல்லாவிட்டால் யோசிக்க ஒன்றுமில்லை. அதையே இப்படிக் கேட்டேன்: "டைரக்டர் பெரிய வீணை வித்வான். ஆனால் படத்தில் ஒரு பாட்டுகூட இல்லை. என்ன படம்?" மூன்று பேரும் சிரித்தார்கள், அதெப்படி என்றார்கள், யோசிக்க ஆரம்பித்தார்கள். முதல் க்ளூ: சிவாஜி நடித்தது. இரண்டாவது: படம் ஆரம்பிக்கும்போதே அவரைச் சுட்டுவிடுவார்கள். மூன்றாவது: பெயரில் இரண்டே சொல், இரண்டாவது சொல் காலண்டரில் இருக்கும். அங்கே ஒருத்தி "அந்த நாள்!" என்று கத்தினாள். க்ளூவைக் கஷ்டத்திலிருந்து சுலபத்துக்கு இறக்கிக்கொண்டு வரவேண்டும். கேள்வியிலேயே சிவாஜி என்று சொல்லியிருந்தால் வீணைக்கு வேலையே இல்லை.

சண்டை வருகிற இடம் ஒன்று இருக்கிறது, ஒன்றுக்கு மேல் சரியான பதில் உள்ள கேள்வி. "11 ஆஸ்கர் வாங்கிய படம் எது?" என்றால் பென்-ஹர், டைட்டானிக், லார்ட் ஆஃப் த ரிங்ஸின் மூன்றாம் பாகம், மூன்றுமே சரி. "1997-ல் வந்த" என்று ஒரு வார்த்தை சேர்த்தால் தகராறு தீர்ந்தது. "முதல் தமிழ் பேசும் படம்" என்பதும் அப்படித்தான். 1931-ல் வந்த காளிதாஸ் என்று நான் சொல்ல, அதில் ஹீரோ தெலுங்கில்தானே பேசுகிறார் என்று ஒருத்தி பிடித்துக்கொண்டாள். அவள் சொன்னதும் நிஜம். கடைசியில் இரண்டு பேருக்கும் மார்க். அதிக வசூல், அதிக வியூஸ் மாதிரி அடிக்கடி மாறுகிற விஷயத்தை நான் தொடுவதே இல்லை. பதிலை இரண்டு இடத்தில் சரிபார்த்து, சீட்டில் எழுதிவைத்துவிட்டுத்தான் கேட்பேன். ஞாபகத்தை நம்பி ஒருமுறை மாட்டிக்கொண்டேன்: ஸ்டார் வார்ஸில் வில்லன் டார்த் வேடர் ஹீரோ லூக்கிடம் "லூக், நான்தான் உன் அப்பா" என்கிறார் என்று அடித்துச் சொன்னேன். 1980-ல் வந்த அந்தப் படத்தில் அவர் சொல்வது "இல்லை, நான்தான் உன் அப்பா" என்பதுதான். லூக் என்ற பெயரே அந்த வரியில் இல்லை.

யார் முதலில் என்பதெல்லாம் சீட்டுக் குலுக்கலில் முடிகிற காரியம். ஒருவருக்கு மூன்று கேள்வி, நாலு பேர் என்றால் பன்னிரண்டு. அதோடு நிறுத்துங்கள், இன்னும் ஒரு ரவுண்டு என்று கெஞ்சினாலும்.

எதிரே இருப்பவர்கள் யார் என்று பார்த்துக் கேள்வி எடுங்கள். போன மாதம் ஒருத்தியின் பத்து வயது மகளும் வந்து உட்கார்ந்தாள். இளையராஜாவின் முதல் படம் அன்னக்கிளி என்பதை அவளிடம் கேட்டு என்ன பிரயோஜனம்? அவள் முறை வந்தபோது அவள் கேட்டாள்: "டாம் அண்ட் ஜெர்ரியில டாமுக்கு முதல் கார்ட்டூன்ல வேற பேரு. என்ன பேரு, ஆன்ட்டி?" 1940-ல் வந்தது அது. அவள் அம்மாவுக்கு மட்டும் தெரிந்திருந்தது, ஜாஸ்பர். நானும் மற்ற இரண்டு பேரும் பேய்முழி முழித்தோம். பொடிசு ப்ளஸ் ஒன்றை என்னையே எழுத வைத்தாள்.