அமெரிக்காவில் சமூகப்பணி லைசென்ஸ் தேர்வு: எங்கிருந்து தொடங்குவது?

இந்தியாவில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலைப் பட்டம்) முடித்து, சில வருடம் களத்தில் வேலை பார்த்துவிட்டு அமெரிக்கா வந்திருக்கிறீர்களா? நானும் அப்படி வந்தவள்தான். நான் போன வழியைச் சொல்கிறேன்.

படி 1: பட்டத்துக்கு மதிப்பீடு

தேர்வுப் புத்தகம் வாங்குவதெல்லாம் அப்புறம். லைசென்ஸ் தருவது மாநில வாரியம். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. வெளிநாட்டுப் பட்டத்துக்குப் பொதுவாகச் சி.எஸ்.டபிள்யூ.ஈ. என்ற அமெரிக்க சமூகப்பணிக் கல்வி அமைப்பின் மதிப்பீடு கேட்பார்கள். மதிப்பெண் பட்டியல், களப்பணி விவரம் எல்லாம் ஊரிலிருந்து வர வேண்டும். எனக்காகத் தம்பி கல்லூரிக்கு மூன்று முறை அலைந்தான். இந்த வேலையை இன்றே ஆரம்பித்துவிடுங்கள்.

படி 2: பதிவு

வாரியம் அனுமதி தந்ததும், தேர்வை நடத்தும் ஏ.எஸ்.டபிள்யூ.பி. அமைப்பில் பதிவு செய்யலாம். நான் எழுதிய மாஸ்டர்ஸ் (முதுகலை) நிலைக்குக் கட்டணம் 230 டாலர். கிளினிக்கல் (மனநல சிகிச்சைப் பணி) நிலைக்கு 260. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்குச் சில மாநிலங்கள் கூடுதல் நேரம் தருகின்றன. கூச்சப்படாமல் கேளுங்கள், அது சலுகையல்ல.

பெயர் விஷயத்தில் கவனம். நம் இனிஷியல் பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, டிரைவிங் லைசென்ஸில் ஒரு மாதிரி இருக்கும். பதிவில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும்.

படி 3: கேள்வியைப் படிக்கப் பழகுவது

நான் எழுதியபோது 4 மணி நேரத்தில் 170 கேள்விகள். அதில் 20 சோதனைக் கேள்விகள், மதிப்பெண் கிடையாது. எவை என்று நமக்குத் தெரியாது. 2026-இல் வடிவம் மாறுவதால் உங்கள் தேதிக்கான கையேட்டைப் பாருங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது, அதனால் எதையும் விடாதீர்கள்.

நம்மில் பலர் தடுமாறுவது பாடத்தில் இல்லை, கேள்வியில் வரும் ‘ஃபர்ஸ்ட்’ (முதலில்), ‘நெக்ஸ்ட்’ (அடுத்து) என்ற சொற்களில். பயிற்சிக்காக நானே எழுதிய ஒரு கேள்வி:

பள்ளியில் 14 வயது மாணவி, “வீட்டுக்குப் போகவே பயமா இருக்கு” என்கிறாள். சமூகப்பணியாளர் முதலில் என்ன செய்ய வேண்டும்?

அ) பெற்றோரை வரவழைத்துப் பேசுவது
ஆ) குழந்தைகள் பாதுகாப்புத் துறைக்குத் தெரிவிப்பது
இ) பயத்தைப் பற்றி அவளிடம் மேலும் கேட்பது

இந்த மாதிரிக் கேள்வியில் ஆரம்பத்தில் என் கை ‘அ’வுக்குத்தான் போகும். ஊரில் அப்படித்தானே செய்வோம், அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைப்போம். ஆனால் அடிப்பவரே வீட்டில் இருந்தால்? விடை ‘இ’. என்ன நடந்தது என்று இன்னும் தெரியாது. அதே பிள்ளை, “அப்பா பெல்ட்டால அடிச்சார்” என்று தழும்பைக் காட்டினால் விடை ‘ஆ’. ஒரே வரி மாறினால் விடை மாறும். உயிருக்கு ஆபத்து உண்டா, சட்டப்படி தெரிவிக்க வேண்டியதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் கேட்டுத் தெரிந்துகொள்வது முதலில், அறிவுரை கடைசியில்.

படி 4: பன்னிரண்டு வாரம்

எனக்குத் தினம் ஒன்றரை மணி நேரம் போதுமாக இருந்தது. என்.ஏ.எஸ்.டபிள்யூ. என்ற அமெரிக்க சமூகப்பணியாளர் சங்கத்தின் நெறிமுறைக் கோவையை முழுதாக இரண்டு முறை வாசித்தேன். நான் எழுதிய வடிவத்தில் கால்பங்கு கேள்விகள் தொழில் உறவு, நெறிமுறை சார்ந்தவை. ஒவ்வொரு தவறான விடைக்கும், ‘ஏன் இதைத் தேர்ந்தேன்?’ என்று நோட்டில் ஒரு வரி எழுதினேன். அந்த நோட்டுதான் எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது. கடைசி இரண்டு வாரத்தில் இரண்டு முழு மாதிரித் தேர்வுகள், நடுவில் எழுந்திருக்காமல்.

எழுதி முடித்ததும் மையத்திலேயே முடிவு தெரிந்துவிடும். தேறவில்லையென்றால் பொதுவாக 90 நாள் கழித்து மறுபடி எழுதலாம். அந்த நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.